இரண்டு பேருக்கு ஒரு மருந்துச் சீட்டு

ஜனவரி 11

தம்பிக்கு அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று பதில் எழுதிப் பொய் சொல்லாதே. மருந்துக்கடை மெஷினில் கையைக் கொடுத்தபோது நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப்பத்து என்று காட்டியதாக உன் வாயால்தான் சொன்னாய்.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நான் கத்துகிறேன், மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும். அதனால் இனிமேல் கடிதம்தான்.

நீ சொல்கிற காரணத்தை நான் கேட்டுக்கொண்டேன். அங்கே எந்த டாக்டரிடம் போனாலும் விவரம் நேராகத் துறைமுகத்து மருத்துவ அறைக்குப் போய்விடும், பிரஷர் என்று தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், பதினெட்டு வருஷம் மேலே உட்கார்ந்தவன் கீழே நின்று கொக்கி மாட்ட மாட்டேன். இதுதானே? அப்பாவுக்கும் இதே ரோஷம்தான். டாக்டரிடம் போக மாட்டேன் என்றார். செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவருக்கு அப்போது ஐம்பத்தொன்று. உனக்கு இப்போது நாற்பத்தெட்டு.

நான் ஒரு வழி பண்ணியிருக்கிறேன். எனக்கும் பிரஷர், மூன்று வருஷமாக மாத்திரை போடுகிறேன். ஒரே அப்பா, ஒரே ரத்தம், மாத்திரை மட்டும் வேறாகவா இருக்கப்போகிறது? இந்த முறை கிளினிக்கில் எனக்குக் கூடுதலாகவே கொடுத்தார்கள். இரண்டு அட்டை இதோடு வைத்திருக்கிறேன். என் பெயர் ஒட்டிய டப்பாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தினம் காலையில் சாப்பிட்டதும் ஒன்று. அளந்து பார்க்கும்போது ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த பிறகு பார்.

உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஜனவரி 30

அக்காவுக்கு,

மாத்திரையும் வந்தது, திட்டும் வந்தது. நாங்கள் நலம். அத்தானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

உனக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். இங்கே வந்து பார். இருநூற்றுப் பதினாறு படி ஏறினால்தான் என் கேபின். கண்ணாடித் தரை. காலுக்குக் கீழே நாற்பது டன் பெட்டி ஆடும், அதற்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள். அதை நான் லாரி மேல் பூ வைத்த மாதிரி இறக்குவேன். துறைமுகத்தில் என்னை ‘கோபுரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஆளைக் கொண்டுபோய்க் கீழே நிறுத்தினால் அன்றைக்கே பிரஷரில் செத்துவிடுவேன்.

நாலு நாள் போட்டேன். தலைவலி போய்விட்டது. நிறுத்திவிட்டேன். வலி இல்லாதவனுக்கு எதற்கு மாத்திரை? மறுபடி வலித்தால் போடுகிறேன். பத்திரமாக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 13

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மட்டும் கொஞ்ச நேரம் போய்விட்டு வந்தது.

வலித்தால் போடுவதற்கு அது என்ன தைலமா? பிரஷருக்கு வலியே கிடையாது. வலி வந்தால் அது ஏற்கெனவே தன் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறானாம். அந்த இழுப்பறைக்கா பிரஷர்? மாதத்துக்கு முப்பது மாத்திரை, முத்திரை குத்தி, எண்ணித்தான் கொடுக்கிறார்கள். ஒன்று கூடக் கேட்டால் அந்த ஜன்னலில் இருக்கிற பெண் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். அதைக் கொண்டுவந்து உனக்கு அனுப்பினால் நீ பூட்டி வைத்து அழகு பார்க்கிறாய்.

எனக்கும் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். டாக்டர் என்னென்னவோ கேட்டார். உப்பைக் குறைக்கச் சொன்னார், தினம் நடக்கச் சொன்னார், கோபப்படாதே என்றார். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். மாத்திரையைப் பெரிசாக்கிக் கொடுத்திருக்கிறார். அதனால் இந்த முறை உனக்கு வருவதும் பெரிசாக இருக்கும், மிரளாதே.

தினமும் போடு. தினமும் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

அக்கா

மார்ச் 9

அக்கா,

சந்தோஷமாக ஒரு கடிதம் எழுதுகிறேன், இதற்காவது திட்டாமல் இரு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கிற சோதனை முடிந்துவிட்டது. நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்துநாலு! பத்து நாள் முன்னாலிருந்து உன் பெரிய மாத்திரையைத் தவறாமல் போட்டேன். நர்ஸ் இரண்டு முறை பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். கோபுரம் இன்னும் ஆறு மாதத்துக்கு மேலேதான்.

இனிமேல் செப்டம்பருக்கு முன்னால் பத்து நாள் போட்டால் போதும். எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. நீ அனுப்பிக்கொண்டே இரு, சேர்த்து வைக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். உன் எழுத்து ஏன் இவ்வளவு பெரிசாகிக்கொண்டே போகிறது? ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் இருக்கிறது. நான் என்ன ஒன்றாம் வகுப்பா?

நாங்கள் சௌக்கியம்.

தம்பி

மார்ச் 28

டேய்,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. அத்தான் விசாரித்தார் என்று வைத்துக்கொள்.

சோதனைக்குப் பத்து நாள் முன்னால் போடுவானாம், முடிந்ததும் நிறுத்துவானாம். யாரை ஏமாற்றுகிறாய்? அந்த நர்ஸையா? அவளுக்கு என்ன, முத்திரை குத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். உன் மூளையில் ஓடுகிற நரம்புக்கு உன் முத்திரை தெரியுமா? கீழே நிற்கிற ஆட்கள் தலையில் நாற்பது டன்னைப் போட்டுவிட்டு, நான் மார்ச்சில் பாஸாகிவிட்டேன் என்று சொல்வாயா? உன்னை நேரில் பார்த்தால் நாலு அறை விடுவேன். நாற்பத்தெட்டு வயசு என்று பார்க்க மாட்டேன்.

எழுத்து பெரிசாக இருந்தால் படிக்கச் சுலபம்தானே. கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். போன வாரம் கம்பெனியில் நான் சரியென்று தள்ளிவிட்ட சட்டைகளில் நாற்பதில் பட்டன் நுழைகிற காஜாவின் நூல் பிரிந்திருந்ததாம். இருபது வருஷம் காஜா பார்க்கிறேன், ஒரு சட்டை திரும்பி வந்ததில்லை. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் மேசை மேல் கொட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டைகளை அவன் மேலேயே வீசியிருப்பேன்.

டாக்டர் இரண்டாவதாக ஒரு மாத்திரையும் சேர்த்திருக்கிறார். இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். சேர்த்து வைக்க அல்ல, விழுங்க.

அக்கா

மே 21

அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். மறைக்க என்ன இருக்கிறது?

நீ பாடாய்ப் படுத்தியதால் ஏப்ரலில் ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டேன். பரிசு என்ன தெரியுமா? இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். ரேடியோவில் ‘இறக்கட்டுமா’ என்று கேட்பதற்குள் மூன்று தடவை இருமுகிறேன், கீழே சிரிக்கிறார்கள். உன் இரண்டாவது மாத்திரைதான் காரணம் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். பிறகு மூன்றாவது ஒன்று அனுப்பினாயே, அதைப் போட்டால் மணிக்கு ஒரு தடவை ஒன்றுக்குப் போக வேண்டும். இருநூற்றுப் பதினாறு படி, அக்கா. இறங்கி ஏறுவதற்குள் மறுபடியும் வருகிறது. கப்பல்காரன் கடிகாரத்தைக் காட்டுகிறான். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

மாதா மாதம் வேறு வேறு மாத்திரை அனுப்புகிறாயே, நீ என்ன டாக்டரா? என் உடம்பு என்ன உன் சோதனைச் சாலையா? என்னைச் சும்மா விடு.

இங்கே ஒரு தொல்லை. வேறொரு துறைமுகத்தில் ஓர் ஆள் கேபினிலேயே மயங்கி விழுந்தானாம். அதனால் ஜூன் கடைசியில் எல்லாருக்கும் திடீர்ச் சோதனை. புது டாக்டர் வந்திருக்கிறார், கண்டிப்பானவராம். அதற்கு மட்டும் போடுகிறேன்.

தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

சும்மா விட மாட்டேன். விட்டால் நீ போய்விடுவாய்.

நான் டாக்டர் இல்லைதான். எனக்கு எழுதிக் கொடுப்பதைத்தான் உனக்கு அனுப்புகிறேன், அவர் மாற்றினால் எனக்கும் மாறுகிறது, உனக்கும் மாறுகிறது. நேற்று அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “மூணு மாத்திரை போட்டும் இறங்காம ஏறிக்கிட்டே போற ஆளை இப்பத்தாம்மா பாக்குறேன்” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். லீவு கிடைத்தால் போவேன்.

இருமினால் இருமு. ஒன்றுக்கு வந்தால் போ. போடாமல் மட்டும் இருக்காதே. நாளும் சரியாக, அளவும் சரியாக. அவசரத்தில் டப்பாவோடு அனுப்புகிறேன், நீ கிழித்துக்கொள்.

அக்கா

ஜூன் 25

அக்கா,

நலமா என்று இந்தக் கடிதத்தில் நிஜமாகவே கேட்கிறேன். நீ நலமா? பதில் எழுது.

சோதனைக்கு ஐந்து நாள் முன்னால் மூன்று மாத்திரையையும் ஆரம்பித்தேன். சோதனை அன்று காலையில் பயத்தில் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு போட்டேன். சோதனை மத்தியானம்தான், அதுவரை வேலை. நூற்று இருபதாவது படியோ என்னவோ, திடீரென்று கண் இருட்டியது. கை வழுக்கியது தெரியும், அப்புறம் தெரியாது. எனக்குக் கீழே ஏறிக்கொண்டிருந்த கொடிக்காரன், தினமும் எனக்குக் கொடி காட்டிச் சைகை செய்கிறவன், என் பெல்ட்டைப் பிடித்துக் கம்பியோடு அழுத்திக்கொண்டான். அவன் தோள் எலும்பு விலகிவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மருத்துவ அறையில் அளந்தபோது எண்பத்தாறுக்கு ஐம்பது. டாக்டர் என் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஒட்டியிருந்த பெயரைப் படித்தார். யார் என்று கேட்டார். அக்கா என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் ரோஷத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “கட்டுப்பாட்டுல இருந்தா நானே ஏத்தி விடுறேன். மேல உக்காந்திருக்கிற ஏழு பேரு என்கிட்டதான் மாத்திரை வாங்குறாங்க. ஒளிச்சு வச்சவனைத்தான் இறக்குவேன்” என்றார். ஏழு பேர், அக்கா. என்னோடு தினமும் டீ குடிக்கிறவர்கள். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

பிறகு டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதுல முப்பது நாளைக்குத்தான் இருக்கு. இது உங்ககிட்ட இருந்தா அந்தம்மா என்ன போடுறாங்க?”

ஆறு மாதமாக நான் அதைக் கேட்கவே இல்லை. மாதம் முப்பதுதான் என்று நீயே எழுதியிருந்தாய், படித்தேன், மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து இழுப்பறையை இழுத்தேன். பாதிக்கு மேல் அட்டையில் அப்படியே இருக்கிறது. நீயும் போடவில்லை, நானும் போடவில்லை. அப்புறம் யாருக்காக அந்த டாக்டர் மாதா மாதம் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார்?

எவ்வளவு திமிர் உனக்கு! யார் கேட்டார்கள் உன்னை? என்னைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நீ ஒரு பக்கம் செத்துக்கொண்டிருந்தால், நான் அந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்றைக்கே கிளினிக்குக்குப் போ. உண்மையைச் சொல்.

தம்பி

ஜூலை 14

அக்கா,

பதில் இல்லை. போன் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கோபமாக இருந்தால் திட்டி எழுது. வெறும் காகிதமாவது அனுப்பு.

தம்பி

ஜூலை 23

மச்சானுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பொறுத்துக்கொள்ளாவிட்டாலும் கவலையில்லை.

உன் அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஜூன் இருபத்தெட்டாம் தேதி காஜா மேசையில் உட்கார்ந்திருந்தவள், இடது கண்ணில் கறுப்புத் துணி விழுந்த மாதிரி இருக்கிறது என்றாளாம். இங்கே அளந்தபோது இருநூற்று இருபத்துநாலு. கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. மூளையில் வெடிக்க வேண்டியது கண்ணோடு போனது என்றார்கள். இடது கண்ணில் இனி வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். வலது கண்ணும் பழையபடி இல்லை. இனிமேல் அந்த மேசை இல்லை.

படுக்க வைத்து, நர்ஸ் கையாலேயே மாத்திரை கொடுத்தார்கள். நாலைந்து நாளில் மெல்ல மெல்ல இறங்கியது. டாக்டருக்கு ஆச்சரியம். “அதே மாத்திரைதானே, இப்ப நல்லா கேக்குதே” என்றார். இவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. முந்தாநாள் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது உன் ஜூன் மாதத்துக் கடிதம் கதவிடுக்கில் கிடந்தது. பிரித்துப் படித்துவிட்டு அவளிடமே கேட்டேன்.

தினமும் காலையில் என் எதிரில்தான் வெள்ளையாக ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். முதல் மாதம் பாதியை உனக்கு அனுப்பிவிட்டு மீதியைத் தான் போட்டாளாம். நீ நிறுத்திவிட்டதாக எழுதியதும், கையில் நிறைய இருந்தால்தான் தினமும் போடுவான் என்று முப்பதையும் உனக்கே அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். நான் பார்த்தது பெப்பர்மின்ட் மிட்டாய். பிரஷர் மாத்திரை அளவிலேயே தேடி வாங்கியிருக்கிறாள்.

உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அளவில்லை. அக்கா தம்பி பாசம் என்று ஊரில் யாராவது சொல்ல வந்தால் எழுந்து போய்விடுவேன். பக்கத்தில் படுக்கிற என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். அவள் கொடுத்த விலை அதற்குத்தான்.

அத்தான்

ஆகஸ்ட் 6

அத்தானுக்கு வணக்கம். தயவுசெய்து இதை அக்காவுக்குப் படித்துக் காட்டவும். ஒரு வரிகூட விடாமல்.

அக்கா, நான் கீழே இறங்கிவிட்டேன். டாக்டர் உத்தரவு, மூன்று மாதம் கீழேதான். கையுறை மாட்டிக்கொண்டு கொக்கி மாட்டுகிறேன். ‘கோபுரம்’ என்று யாரும் கூப்பிடுவதில்லை. நான் சாகவில்லை. வெயில் அதிகம், அவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் உன் கண்ணை வாங்கிக்கொண்டேன் என்று நினைக்கும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இழுப்பறையைக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் கவிழ்த்தேன். இப்போது என் பெயரில் ஒரு சீட்டு. ஒரே மாத்திரை, சின்னது. எனக்கு அதுவே போதுமாம். இருமல் இல்லை. தினமும் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமையும். நேற்று நூற்று நாற்பதுக்கு எண்பத்தெட்டு. இன்னும் இறங்க வேண்டும் என்றார்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். நீ கொடுக்கிற எதையும் வாங்க எனக்கு இனிப் பயமாக இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் லீவு போட்டிருக்கிறேன். வருகிறேன். நாலு அறை விடுவேன் என்றாயே, விடு. ஆனால் நானும் கேட்பேன். எந்த உரிமையில் என்னிடம் பொய் சொன்னாய் என்று கேட்பேன். பதில் தயாராக வைத்துக்கொள்.

தம்பி

செப்டம்பர் 2

மச்சானுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். திருத்தக் கூடாது என்று உத்தரவு. அவள் பேச்சு அப்படியே இது.

“தம்பி, நல்லா இருக்கேன்னு எழுதச் சொல்றார் உன் அத்தான். நல்லா இல்லை. ஊசியில நூல் கோக்க முடியலை. படியில இறங்கும்போது கடைசிப் படி எதுன்னு தெரியலை. இருபது வருஷம் பாத்த வேலை போச்சு. அழுதேன், உன்னைத் திட்டினேன், திருப்பியும் அழுதேன். இதெல்லாம் நீ தெரிஞ்சுக்கணும், அதுக்காகத்தான் சொல்றேன்.

எந்த உரிமையிலன்னு கேக்குறியாமே. அப்பா விழுந்தப்போ நான்தான் பக்கத்துல இருந்தேன். நீ பள்ளிக்கூடத்துல இருந்தே. அவரைத் தூக்க எனக்குப் பலம் பத்தலை. அதுதான். வேற உரிமை கிடையாது. தப்புதான் பண்ணேன். மாத்திரையை அனுப்பினதுக்குப் பதிலா உன்னைக் காதைப் பிடிச்சு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கணும். புத்தி வரலை.

இப்ப உன் அத்தான் தன் கையால மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்றார். ஐம்பத்தஞ்சு வயசுல ஆ காட்டுறேன். இன்னைக்குக் காலையில நூத்தி முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. நீ வர்ற அன்னைக்கு உன் சீட்டோட வா. மாத்திரையை என் முன்னால போடு. கிட்ட வந்து போடு, தூரத்துல இருந்தா எனக்குத் தெரியாது.

உன் மேல உள்ள கோபம் கொஞ்சம்கூடக் குறையலை. இது தீர முப்பது வருஷமாவது ஆகும். அது வரைக்கும் திட்ட நான் இருக்கணும், வாங்கிக்க நீ இருக்கணும். அதுக்கு முன்னால ரெண்டு பேர்ல யாராவது போனோம்னா, அப்புறம் நடக்கிறதே வேற.”

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் மெஷினை எடுத்து வந்து கையை நீட்டினாள். பேசிய உடனே பார்க்கக் கூடாது, ஐந்து நிமிடம் போகட்டும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது.

அத்தான்